வாசகர் கேள்வி பதில்: ஒரே ஜோடி, இரண்டு கல்யாணம், இரண்டும் செல்லாது

சென்ற இதழில் பட்டப்பெயர்கள் பற்றிய பதில் ஒன்றில், இளவரசர் ஹாரியின் மனைவியைப் பற்றி, "சட்டப்படி முதல் சசெக்ஸ் டச்சஸ் மேகன்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம் (டியூக் என்பது பிரபு பட்டம், டச்சஸ் என்பது அவர் மனைவிக்குரிய பட்டம்). "சசெக்ஸ் டியூக் பட்டம் 1801-லேயே ஒருவருக்குக் கொடுக்கப்பட்டதே, அவர் என்ன பிரம்மச்சாரியா?" என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அந்த ஒரு விஷயத்துக்கே.

கே: முதல் சசெக்ஸ் டியூக்குக்கு மனைவியே கிடையாதா?
(வாசகி, நாகர்கோவில்)

ப: ஒன்றுக்கு இரண்டு பேர். வீட்டில் மனைவி, ஏட்டில் இல்லை. அதுதான் சிக்கல்.

டியூக்கின் பெயர் அகஸ்டஸ் ஃபிரடெரிக். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆறாவது மகன், 1773 ஜனவரி 27-இல் பிறந்தவர். ஆஸ்துமா தொந்தரவு இருந்ததால் குளிர் இல்லாத இத்தாலிக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே ரோமில் 1792 கடைசியில் லேடி அகஸ்டா மர்ரேயைச் சந்தித்தார். தாயாரோடு வந்து தங்கியிருந்த அகஸ்டா, இளவரசரைவிட வயதில் மூத்தவர். அப்பா டன்மோர் பிரபு, வர்ஜீனியாவின் கடைசி பிரிட்டிஷ் கவர்னராக இருந்தவர். மகளுக்கு ரோமில் கல்யாணம் நடந்தபோது கடல் கடந்து பஹாமாஸில் கவர்னர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

1793 ஏப்ரல் 4-ஆம் தேதி ரோமில் சார்மியென்டோ என்ற விடுதியில் வில்லியம் கன் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் இருவருக்கும் மணம் செய்துவைத்தார். அதே வருடம் டிசம்பர் 5-ஆம் தேதி லண்டன் ஹானோவர் சதுக்கத்தில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் மறுபடியும் ஒரு கல்யாணம். மன்னரின் அனுமதி வாங்காததால், 1794-இல் திருச்சபை நீதிமன்றம் மணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இரண்டாம் மனைவி லேடி சிசிலியா. ஆரன் பிரபுவின் மகள், கணவரை இழந்தவர். அகஸ்டா 1830-இல் இறந்தபின், 1831-இல் அவரை டியூக் மணந்தார். அதற்கும் அனுமதி வாங்கவில்லை! ஒருமுறை சுட்டும் மனிதருக்குப் புத்தி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கே: அப்படி என்னதான் சட்டம்? ராஜாவிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் போதாதா?
(ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர், திருச்சி)

ப: பதிவுத்துறைக்காரருக்கு இந்தப் பதில் பிடிக்கும். இங்கே எல்லாமே ஏட்டில் ஏறினால்தான் உண்டு.

1772-ஆம் ஆண்டின் அரச குடும்பத் திருமணச் சட்டம், இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் வம்சத்தில் வந்த ஆண், பெண் அத்தனை பேரையும் கட்டும். வெளிநாட்டு அரச குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டுப்போன இளவரசிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் கல்யாணம் செய்ய வேண்டுமானால், முதலில் ஆட்சியில் இருக்கும் மன்னர் தம் சம்மதத்தை எழுத்தில் கொடுத்து அதில் அரசின் பெரிய முத்திரை விழ வேண்டும். பிறகு அதை மன்னரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். திருமண உரிமத்திலும் ஆலயத்தின் திருமணப் பதிவேட்டிலும் அந்தச் சம்மதத்தை எழுதிச் சேர்க்க வேண்டும். கவுன்சிலின் குறிப்பேட்டிலும் ஏற்ற வேண்டும். மன்னர் காலைச் சிற்றுண்டியின்போது "சரி, செய்துகொள்" என்று தலையாட்டியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது சம்மதம் ஆகாது.

சம்மதம் கிடைக்காதவர்களுக்கு ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். 25 வயது தாண்டியவர் பிரிவி கவுன்சிலுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு 12 மாதம் காத்திருக்கலாம். அதற்குள் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் வெளிப்படையாக மறுப்புத் தெரிவிக்காவிட்டால், மன்னர் ஒப்பாமலே மணக்கலாம். அகஸ்டஸுக்கு 1793-இல் வயது 20. பின்வாசலுக்கே ஐந்து வருடம் பாக்கி.

இந்தச் சட்டம் வந்ததே மன்னரின் தம்பிகளால்தான். கம்பர்லாந்து டியூக் 1771-இல் ஆன் ஹார்ட்டன் என்ற விதவையை மணந்து அண்ணனைக் கொதிக்க வைத்தார். இன்னொரு தம்பி க்ளாஸ்டர் டியூக் அதற்கு முன்பே, 1766-இல், மரியா வால்ட்கிரேவ் என்ற பிரபு வீட்டு விதவையை ரகசியமாக மணந்திருந்தார். அது வெளியே வந்தது 1772-இல், சட்டம் நிறைவேறிய பிறகு. ஆனால் மணம் நடந்தது சட்டத்துக்கு முந்தி என்பதால் செல்லுபடியாயிற்று. மரியா முறையாக க்ளாஸ்டர் டச்சஸ் ஆனார். அவர் செய்ததும் ரகசியக் கல்யாணம், அகஸ்டா செய்ததும் ரகசியக் கல்யாணம். இடையில் வந்தது ஒரு சட்டம். ரகசியம் என்பதற்காக அகஸ்டாவின் மணம் விழவில்லை, சம்மதப் பத்திரம் இல்லாததால் விழுந்தது. இந்த இரண்டையும் பலர் போட்டுக் குழப்புகிறார்கள்.

கே: ஒருமுறைக்கு இருமுறை, அதுவும் லண்டனிலேயே ஆலயத்தில் வைத்து மணந்தார்கள். ஓலை வாசித்தார்களா? யாரும் தடுக்கவில்லையா?
(வாசகர், தூத்துக்குடி)

ப: வாசித்தார்கள். ஆலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை "இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், ஆட்சேபம் உண்டா" என்று கேட்பார்கள் அல்லவா, அது முறைப்படி நடந்தது. சூட்சுமம் வாசித்த பெயரில் இருந்தது. "அகஸ்டஸ் ஃபிரடெரிக்", "அகஸ்டா மர்ரே" என்று மட்டும். இளவரசர் என்றோ லேடி என்றோ ஒரு எழுத்து இல்லை. சட்டப்படி பெயர் பொய்யில்லை. ஆனால் அந்த ஆலயம் அன்றைய லண்டனில் கல்யாணங்கள் வரிசை கட்டி நடக்கும் இடம். நீளமான பட்டியலின் நடுவே இரண்டு சாதாரணப் பெயர்களை யார் கவனிக்கப்போகிறார்கள்?

எதற்கு இரண்டாவது தடவை? அகஸ்டா நிறைமாதம். டிசம்பர் 5-இல் கல்யாணம், 1794 ஜனவரி 13-இல் ஆண் குழந்தை. நடுவில் 39 நாள். ரோம் கல்யாணத்தில் ஏதாவது குறை கண்டுபிடிக்கப்பட்டாலும், இங்கிலாந்து மண்ணில் இங்கிலாந்து முறைப்படி ஒன்று இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ற கணக்கு. மற்ற எல்லாக் குறைக்கும் அது மருந்தாகியிருக்கலாம். 1772 சட்டத்துக்கு மட்டும் இல்லை. சடங்கை எத்தனை முறை திருப்பிச் செய்தாலும் சம்மதம் என்ற இடம் காலியாகவே இருக்கும். இன்னும் பார்த்தால் இரண்டாவது மணம் அவர்களுக்குப் பாதகம்தான். லண்டன் பதிவேட்டில் ஏறியதால் மன்னர் தரப்புக்குக் கையில் ஆதாரம் கிடைத்துவிட்டது.

கே: 25 வயதானதும் அந்தப் பின்வாசலைப் பயன்படுத்தியிருக்கலாமே?
(வாசகி, கோலாலம்பூர்)

ப: கூர்மையான கேள்வி. 1798 ஜனவரி 27-இல் அவருக்கு 25 நிறைந்தது. அன்றே நோட்டீஸ் கொடுத்திருந்தால் 1799 ஜனவரி கடைசியில் மணக்கும் உரிமை வந்திருக்கும், இரண்டு அவைகளும் சேர்ந்து மறுக்காதிருந்தால். அவர் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தாலும் ஒரு நஷ்டம் இருந்தது. பழைய மணத்துக்கு அது உயிர் கொடுக்காது. புதிதாக மூன்றாவது முறை மணக்க வேண்டும். பின்னால் பெற்றோர் மணந்தால் முன்னால் பிறந்த பிள்ளை சட்டப்படியான பிள்ளை ஆகும் என்ற ஏற்பாடு இங்கிலாந்துச் சட்டத்தில் அன்று இல்லை, 1926-இல்தான் வந்தது. ஆகவே 1801 ஆகஸ்டில் பிறந்த மகளுக்குப் பலன் கிடைத்திருக்கும், 1794-இல் பிறந்த மகனுக்குக் கிடைத்திருக்காது.

அந்த 1801-இலேயே உறவும் முறிந்தது. அதே வருடம் நாடாளுமன்றம் இளவரசருக்கு ஆண்டுக்கு 12,000 பவுண்ட் ஒதுக்கியது. நவம்பரில் சசெக்ஸ் டியூக் பட்டமும் வந்தது. அகஸ்டாவுக்கு ஆண்டுக்கு 4,000 பவுண்ட் ஜீவனாம்சம். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உங்களுக்கே ஒன்று தோன்றும். எங்களுக்கும் அதே தோன்றுகிறது.

கே: மணம் செய்துவைத்த பாதிரியாருக்குத் தண்டனை உண்டா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ப: சட்டத்தில் உண்டு, கடுமையாகவே. தெரிந்தே நடத்திவைப்பவர், உடன் நிற்பவர் எல்லாருக்கும் சொத்துப் பறிமுதல், சிறை. ஆனால் கன் பாதிரியார் நிம்மதியாக வாழ்ந்து, 1819-இல் கட்டடக்கலை பற்றி ஒரு நூலும் வெளியிட்டு, 1841-இல் காலமானார். இன்று பழைய ஐரோப்பிய ஆலயங்களை "ரோமனெஸ்க்" பாணி என்கிறோமே, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். சட்டம் படிப்பவர்களுக்கு அவர் வேறு காரணத்துக்காகத் தெரியும். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கே: எங்கள் பாடத்தில் வரும் "சசெக்ஸ் பியரேஜ் கேஸ்" இந்தக் குடும்பத்தைப் பற்றியதுதானா? சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளும் விதிக்கு அதை மேற்கோள் காட்டுகிறார்கள். வழக்கு எதற்கு என்று யாரும் சொல்வதில்லை.
(சட்டக் கல்லூரி மாணவி, கோவை)

ப: இதே குடும்பம்தான். 1843 ஏப்ரல் 21-இல் டியூக் இறந்ததும், அந்த 39 நாள் கணக்கில் பிறந்த மகன் சர் அகஸ்டஸ் டெஸ்ட் "அப்பாவின் பட்டம் எனக்கு" என்று பிரபுக்கள் சபையில் உரிமை கோரினார். லண்டன் மணத்தை வைத்து வாதாட முடியாது என்று தெரியும். ஆகவே ரோம் மணத்தைப் பிடித்தார்கள்: 1772 சட்டம் இங்கிலாந்துக்குள் நடக்கும் மணங்களுக்குத்தான், போப்பின் ஆட்சியில் நடந்ததை அது எப்படித் தொடும்?

சபை நீதிபதிகளின் கருத்தைக் கேட்டது. எல்லார் சார்பிலும் தலைமை நீதிபதி டிண்டல் பதில் சொன்னார். சட்டத்தின் சொற்கள் ஐயமில்லாமல் தெளிவாக இருந்தால், அவற்றின் இயல்பான பொருளை எடுத்துரைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்று அவர் சொன்னதுதான் உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பது. சட்டம் இடத்தைப் பற்றிப் பேசவில்லை, ஆளைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாம் ஜார்ஜின் வம்சத்தவர் எங்கே போனாலும் தடை கூடவே போகும். அப்படி இல்லாவிட்டால் ஒரு படகேறிக் கால்வாயைத் தாண்டினால் சட்டம் செத்தது. 1844 ஜூலையில் கோரிக்கை தள்ளுபடி.

சாட்சியச் சட்டப் பாடத்திலும் இதே வழக்கு மறுபடி வரும், அதைத் தவறவிடாதீர்கள். 1844-இல் மணமகன், மணமகள், பாதிரியார் மூவருமே உயிரோடு இல்லை. பாதிரியார் கன் தாம் நடத்திவைத்த மணம் பற்றி உயிரோடிருந்தபோது சொன்னதைச் சாட்சியமாக ஏற்கும்படி கேட்டார்கள். தன் தலைக்கே தண்டனை தேடித்தரும் விஷயத்தை ஒருவர் பொய்யாகச் சொல்வாரா என்பது வாதம். சபை மறுத்தது: இறந்தவர் தம் நலனுக்கு எதிராகச் சொன்னது ஏற்கப்பட வேண்டுமானால் அந்த நலன் பணம் அல்லது சொத்து சார்ந்ததாக இருக்க வேண்டும், குற்ற வழக்கு வரும் என்ற பயம் போதாது.

நம் நாட்டில் இந்த வழி எடுக்கப்படவில்லை. 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டம் 32-ஆம் பிரிவின் மூன்றாம் கூறு, பணம் மற்றும் சொத்து நலனோடு "உண்மையானால் குற்ற வழக்குக்கு ஆளாக்கக்கூடிய" கூற்றையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 26-ஆம் பிரிவு, இ-கூறு. கன் பாதிரியாரின் பேச்சு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். தேர்வில் இந்த வேறுபாட்டை இரண்டு வரி எழுதிப் பாருங்கள்.

நிபுணர் சாட்சி பற்றியும் ஒன்று. ரோமின் திருமணச் சட்டம் என்ன என்று சொல்ல வழக்கறிஞருக்குப் பதில் ஒரு கத்தோலிக்க ஆயரை, பிற்காலத்தில் கர்தினாலான வைஸ்மனை, கூப்பிட்டார்கள். திருமணச் சட்டத்தை அறிந்திருப்பது அவர் பதவியோடு வரும் கடமை என்பதால் ஏற்றார்கள்.

கே: நான்காம் ஜார்ஜும் இப்படித்தானே திருமதி ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை மணந்தார்? கத்தோலிக்கரை மணந்தால் முடியுரிமை போய்விடும் என்பார்கள். அவருக்கு எப்படிப் போகவில்லை?
(வாசகர், புதுச்சேரி)

ப: கல்யாணம் செல்லாததால் போகவில்லை. வேடிக்கையாகத் தெரியும், ஆனால் அதுதான் விடை.

1785 டிசம்பர் 15-இல், இருமுறை கணவரை இழந்திருந்த கத்தோலிக்கரான மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை, லண்டன் மேஃபேரில் மரியாவின் வீட்டு வரவேற்பறையில், அகஸ்டஸின் மூத்த அண்ணனும் அன்று இளவரசருமான ஜார்ஜ் மணந்தார். நடத்திவைத்த பாதிரியார் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்; இளவரசர் தரப்பு கடனை அடைத்து வெளியே கொண்டுவந்தது. 1701-இன் வாரிசுரிமைச் சட்டப்படி கத்தோலிக்கரை மணப்பவர் முடியுரிமையை இழப்பார். ஆனால் மன்னரின் சம்மதம் இல்லாததால் 1772 சட்டப்படி மணமே நடக்கவில்லை என்றாகிறது. நடக்காத மணத்துக்குத் தண்டனை ஏது? மனைவியைப் பறித்த சட்டமே மகுடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ரோமிலிருந்து வந்த பதில் வேறு: போப் 1800-இல் அந்த மணத்தைத் திருச்சபை அளவில் செல்லும் என்று ஏற்றார். அதற்குள், 1795-இலேயே, இளவரசர் கரோலின் என்ற ஜெர்மன் இளவரசியை மணந்து முடித்திருந்தார். மரியா தம் மணச்சான்றிதழைக் கூட்ஸ் வங்கியில் பூட்டி வைத்தார். 1837-இல் பிரைட்டனில் இறந்தார்; அங்கே செயின்ட் ஜான் ஆலயத்தில் மண்டியிட்ட நிலையில் அவர் சிலை இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் விரலில் மூன்று மோதிரம். சட்டம் எண்ணினால் இரண்டுதான்.

கே: அகஸ்டாவின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? "டெஸ்ட்" எங்கிருந்து வந்தது?
(வாசகி, மதுரை)

ப: மூன்றாம் ஜார்ஜின் ஹானோவர் வம்சத்தின் மூதாதையரான இத்தாலிய எஸ்டே குடும்பத்தின் பெயர் அது. தந்தையின் பட்டம் கிடைக்காது, ஆனால் வம்சத்தைச் சுட்டிக்காட்டும் பெயர் வேண்டும் என்றால் இப்படித்தான் பழைய ஏட்டைத் துழாவ வேண்டும். அகஸ்டாவும் 1806-இல் அரச உரிமத்தோடு "டி அமெலண்ட்" என்ற பெயருக்கு மாறினார்.

மகன் அகஸ்டஸின் பெயரைச் சட்டப் புத்தகத்தைவிட மருத்துவப் புத்தகத்தில் அதிகம் பார்க்கலாம். 1822 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் ஒரு இறுதிச் சடங்குக்குப் போய் வந்தபின் திடீரெனப் பார்வை மங்கியது, பிறகு தெளிந்தது. வருடங்கள் போகப் போகக் கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது என்று வந்து வந்து போனதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் கண்ட ஒருவர் தாமே எழுதிய முதல் விரிவான பதிவாக இன்று அதைக் கருதுகிறார்கள். மணமாகாமலே 1848-இல் இறந்தார்.

மகள் அகஸ்டா எம்மா, அண்ணனுக்காக வாதாடிய வழக்கறிஞர் தாமஸ் வைல்டையே 1845-இல் மணந்தார். அவர் பின்னாளில் ட்ரூரோ பிரபுவாகி இங்கிலாந்தின் உயர்ந்த நீதித்துறைப் பதவியான லார்டு சான்சலராகவும் ஆனார். வழக்கு தோற்றது, வரன் அமைந்தது.

கே: 1772 சட்டத்தை நீக்கிவிட்டார்கள் என்கிறார்களே. இப்போதாவது அகஸ்டாவின் மணம் செல்லுமா?
(வாசகர், சிங்கப்பூர்)

ப: செல்லாது. 2013-இல் இயற்றி 2015 மார்ச் 26-இல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டம் பழையதை நீக்கியது. இப்போது முடியுரிமை வரிசையில் முதல் ஆறு பேருக்கு மட்டும் சம்மதம் தேவை. வாங்காமல் மணந்தால் மணம் செல்லும்; வரிசையில் இடம் போகும்.

பழைய செல்லா மணங்களில் சிலவற்றுக்கு அது பின்னோக்கி உயிர் கொடுத்தது உண்மை. ஆனால் நான்கு நிபந்தனை: மணந்தபோது இருவரில் யாரும் முதல் ஆறு இடத்தில் இருந்திருக்கக் கூடாது; சம்மதம் கேட்டோ நோட்டீஸ் கொடுத்தோ இருக்கக் கூடாது; சட்டம் தம்மைக் கட்டும் என்று தெரியாமலிருந்தது நியாயமாக இருக்க வேண்டும்; அந்த மணம் செல்லாது என்ற அடிப்படையில் இதுவரை யாரும் எதுவும் செய்திருக்கக் கூடாது. எங்கோ ஒரு கிளையில் பிறந்து, விஷயமே தெரியாமல் மணந்தவர்களுக்கான ஏற்பாடு அது.

1793-இல் வரிசையை எண்ணிப் பாருங்கள்: ஜார்ஜ், ஃபிரடெரிக், வில்லியம், எட்வர்ட், எர்னஸ்ட், அகஸ்டஸ். அண்ணன்மார் யாருக்கும் அப்போது முறைப்படி பிள்ளை இல்லை. சரியாக ஆறாவது இடம்! முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுவிட்டது. நான்காவதும் 1794 தீர்ப்பிலும் 1844 தீர்ப்பிலும் போய்விட்டது.

2018 மே மாதம் ஹாரி மணந்தபோது அவரும் அதே ஆறாவது இடம்தான். அவர் பாட்டி எலிசபெத் அரசி கொடுத்த சம்மதப் பத்திரத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டார்கள்: தோல் ஏட்டில் கையால் எழுதி, ஒரு பக்கம் வேல்ஸின் சிவப்பு டிராகன், மறுபக்கம் மணப்பெண்ணின் ஊருக்காகக் கலிபோர்னியாவின் பொன்னிறப் பாப்பி மலர்கள், கீழே பெரிய முத்திரை. அகஸ்டாவிடம் இல்லாமல் போனது இந்த ஒரு தாள்.

கே: இரண்டாம் மனைவி சிசிலியாவை விட்டுவிட்டீர்களே?
(அதே நாகர்கோவில் வாசகி, மறு கடிதத்தில்)

ப: விட்டுவிடவில்லை, கடைசியில் வைத்தோம். விருந்துகளில் டியூக்கின் மனைவிக்குரிய இடத்தில் அவரால் உட்கார முடியவில்லை. விக்டோரியா அரசி தம் மணத்தில் தம்மைக் கைப்பிடித்துக் கொடுத்த சித்தப்பாவான டியூக்குக்கு நன்றியாக, 1840 ஏப்ரலில் சிசிலியாவுக்கு இன்வர்னஸ் டச்சஸ் என்று தனிப் பட்டம் கொடுத்தார். டியூக்கின் துணைப் பட்டங்களில் ஒன்று இன்வர்னஸ் என்பதால் அந்தப் பெயர். மணத்தைத் தொடாமல் மரியாதையை மட்டும் சரிசெய்யும் வழி.

வின்ட்சரில் அரச கல்லறையில் புதைத்தால் மனைவிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது என்று தெரிந்துதான் டியூக் தம்மை லண்டன் கென்சல் கிரீன் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யும்படி உயிலில் எழுதினார். 1873-இல் சிசிலியாவும் அங்கே அவர் பக்கத்தில் அடக்கமானார். அகஸ்டா மர்ரே இருப்பது கென்ட் கடற்கரையில், ராம்ஸ்கேட் செயின்ட் லாரன்ஸ் ஆலயத்தில், மகனோடு.